வழி: ஆய்வு வழிகாட்டி

பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற பேராசிரியர்கள் எத்தனையோ பேர். ஆனால் கடைசி எழுத்தின் வாலை இழுத்து வந்து தன் பெயருக்குத் தானே அடிக்கோடு போட்டுக்கொள்கிறவர் ஒருவர்தான். செவ்வாய்க்கிழமை காலை தபால் கட்டைப் பிரித்தபோது மூன்றாவது கோப்பின் முகப்பில் அந்த வால் தெரிந்தது.

ஜெரூஷா முதல் இரண்டு கோப்புகளை வரிசைப்படி முடித்தாள். பதிவேட்டில் எண் போட்டாள். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அப்புறம்தான் மூன்றாவதைத் திறந்தாள்.

டாக்டர் கஸ்தூரிரங்கன், சுற்றுச்சூழல் அறிவியல் துறை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்லூரி. அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் ஸ்நேகா என்ற பெண்ணின் ஆய்வேட்டுக்கு வெளித் தேர்வாளர்கள் இரண்டு பேருமே நல்ல அறிக்கை அனுப்பிவிட்டார்கள். இனி வாய்மொழித் தேர்வுக்கு அனுமதி கொடுக்க வேண்டும். அந்த அனுமதி புறப்படுகிற இடம் பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவில் ஆ-3 என்கிற இருக்கை. வெளியூர்க் கடிதங்களில் ஆளின் பெயர் இருக்காது. மூலையில் ‘ஆ-3’ என்று மட்டும் இருக்கும். ஏழு மாதமாக அந்த ஆ-3 ஜெரூஷாதான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அதே கஸ்தூரிரங்கனிடம் முழுநேர ஆய்வாளராக இருந்து, நடத்தை விதியை மீறினாள் என்று பதிவு ரத்தானவளும் அவள்தான்.

வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர்க் கிணறுகளின் தண்ணீர் எப்படி மாறிக்கொண்டு வருகிறது என்பது அவளுடைய ஆய்வு. அறுபத்திரண்டு கிணறுகள். மாதம் ஒருமுறை ஒவ்வொன்றிலும் பாட்டிலில் தண்ணீர் எடுக்க வேண்டும். அந்த வேலைக்கு நடுவில், மாலை நேரக் கல்லூரியில் கஸ்தூரிரங்கன் எடுக்க வேண்டிய வகுப்புகளையும் அவளே எடுத்தாள். வாரம் ஒன்பது மணி நேரம். அவர் அதை ஒரு உதவியாகக் கேட்டதே இல்லை. “இன்னைக்கு செகண்ட் இயரைப் பாத்துக்கோம்மா” என்பார், முடிந்தது. மறுநாள் காலையில் வகுப்புப் பதிவேட்டில் தன் கையெழுத்தைப் போட்டுக்கொள்வார், வாலோடு. இரண்டு வருடத்தில் அவரிடம் அவள் பேசியது பெரும்பாலும் இரண்டே சொல்: “சரி சார்.”

கிணறுகள் பின்தங்கின. அரையாண்டு முன்னேற்ற அறிக்கையில் ‘போதிய முன்னேற்றம் இல்லை’ என்று அவரே எழுதினார். உதவித்தொகை நின்றது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜெரூஷா குறைதீர் குழுவுக்கு மனு எழுதினாள். மனுப் படிவத்தில், பெயருக்கும் பதிவு எண்ணுக்கும் கீழே, ஒரு வரி அச்சாகியிருந்தது: ‘வழி: ஆய்வு வழிகாட்டி.’

“லூசா நீ?” என்றான் ஆய்வகத்தில் பக்கத்து மேசை ஜாய்சன். “யார் மேல கம்ப்ளைண்டோ அவர்கிட்டயே கொண்டு போய்க் குடுப்பியா? நேரா யூனிவர்சிட்டில போய்க் குடு.”

அவள் படிவத்தை மூன்று தடவை படித்தாள். வழி என்று போட்டிருக்கிறது. வழியில் போகாத மனுவை விதியைக் காட்டித் தள்ளிவிட்டால் என்ன செய்வது? நம் பக்கம் ஒரு குறையும் இருக்கக் கூடாது. எடுத்துக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்தாள்.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். “உட்காரும்மா” என்றார். அட்டெண்டரைக் கூப்பிட்டு அவளுக்கு டீ வாங்கி வரச் சொன்னார். பிறகு பச்சைப் பேனாவைத் திறந்து, ‘மேலனுப்பப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். “இதோட ஒரு சின்ன கவரிங் லெட்டர் வெச்சு நானே அனுப்பிடறேன்.”

“சரி சார். தேங்க்ஸ் சார்.”

அந்த ‘தேங்க்ஸ்’தான் பிற்பாடு அவளைத் தூங்க விடாமல் அடித்தது. உதவித்தொகையைக்கூட மறந்திருப்பாள். ஆய்வையே மறந்திருப்பாள். தன் கழுத்துக்குக் கயிறு தேடிக்கொண்டிருந்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்ததை மறக்க முடியவில்லை.

விசாரணை நாளன்றுதான் அந்த இணைப்புத் தாளை அவள் பார்த்தாள். முழுநேர ஆய்வாளராகிய இவர் என் முன் அனுமதி இல்லாமல் மாலைக் கல்லூரியில் தனி வகுப்புகள் நடத்தி, ஆய்வைப் புறக்கணித்தார் என்று இருந்தது. மாலைக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். பாவம், அவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள்: “ஆமா சார், ஜெரூஷா மேடம் நல்லா க்ளாஸ் எடுப்பாங்க.” பதிவேட்டைப் பார்த்தால் எல்லாப் பக்கத்திலும் கஸ்தூரிரங்கனின் கையெழுத்து. ஆகவே அவர் தன் வகுப்பை ஒழுங்காக எடுத்திருக்கிறார். இவள் எடுத்தது வேறு ஏதோ.

ஜெரூஷா தன் டைரியை நீட்டினாள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பாடம், எத்தனை பேர் வந்தார்கள் என்று இரண்டு வருடக் கணக்கு அதில் இருந்தது. குழுத் தலைவர் நான்கு பக்கம் புரட்டினார். “இது நீயே எழுதிக்கிட்ட நோட்டும்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

அதற்குப் பிறகு மேற்குத் தாம்பரத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் மாலை வகுப்பு சேர்ந்தாள். பதினெட்டு வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் ஹையர் பாஸ் செய்தாள். பல்கலைக்கழக உதவியாளர் தேர்வு எழுதினாள். விண்ணப்பத்தில் ‘ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவரா?’ என்று ஒரு கேள்வி. அவள் கையில் இருந்த ஆணையில் ‘பதிவு ரத்து’ என்றுதான் இருந்தது, நீக்கம் என்று இல்லை. மூன்று நாள் யோசித்துவிட்டு ‘இல்லை’ என்று குறித்தாள். அது சரியா தப்பா என்று இன்றைக்கும் அவளுக்குச் சந்தேகம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லோரும் சேர்ந்து ஜெபம் சொல்லும்போது, மன்னிப்பைப் பற்றிய வரி வரும் இடத்தில் மட்டும் அவள் வாய் மூடிக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் அம்மா தபீதாள் அதைக் கவனித்திருந்தாள். கேட்டதில்லை.

ஸ்நேகாவின் கோப்பில் மூன்று குறைகள் இருந்தன. மூன்றும் சில்லறைக் குறைகள். ஆய்வுக் குழுக் கூட்டக் குறிப்பில் ஒரு உறுப்பினர் தேதி போடவில்லை. பிறர் எழுத்தை எடுத்தாளவில்லை என்பதற்கான ஒப்புமைச் சோதனைச் சான்றிதழ் பழைய படிவத்தில் இருந்தது. ஆய்வுக் கட்டுரை நகலில் இதழின் தொகுதி எண் இருக்கும் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அலுவலக நடைமுறைப்படி எல்லாக் குறையையும் ஒரே கடிதத்தில் கேட்க வேண்டும். ஏழு மாதமாக ஜெரூஷா அப்படித்தான் கேட்டு வந்தாள். அதற்காக அவளைக் கேலி செய்பவர் கண்காணிப்பாளர் கேசவன்.

“ஒரு ஃபைல்ல நாலு ஓட்டை இருந்தா, நாலையும் ஒரே லெட்டர்ல சொன்னா அது வேலைம்மா” என்று அவள் சேர்ந்த முதல் வாரமே சொல்லியிருந்தார். “ஒண்ணொண்ணா சொன்னா, அதுக்குப் பேருதான் பவரு. அந்தக் காலத்துல எங்க சூப்பிரண்டு ஒரே ஃபைலை ஒன்பது தடவ அனுப்புவாரு. கடசில ஃபைலே கிழிஞ்சு போய்டும்.”

அன்றைக்கு அவள் தேதி போடாத குறையை மட்டும் தட்டச்சு செய்தாள்.

கேசவன் கையெழுத்துப் போடும்போது நிமிர்ந்து பார்த்தார். “இன்னாம்மா, ஒண்ணே ஒண்ணுதானா?”

“ஒண்ணுதான் சார்.”

அலுவலகத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. சொல்லிவிட்டு உறையில் முகவரி எழுதினாள்.

கோப்பு ஒன்பது நாளில் தேதியோடு திரும்பி வந்தது. ஒரு வாரம் வைத்திருந்து, இரண்டாவது குறையை அனுப்பினாள். கடிதம் போய்ச் சேர்ந்த அன்று மாலை மேசைத் தொலைபேசி அடித்தது.

“ஆ-3 தானே? நான் டாக்டர் கஸ்தூரிரங்கன்.”

நான்கு வருடம் ஆகியும் அந்தக் குரல் காதில் விழுந்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. “சொல்லுங்க.”

“மறுபடியும் ஒரு குறைன்னு லெட்டர் வந்திருக்கு. போன தடவையே இதையும் சொல்லியிருக்கலாமே? நாங்க என்ன வேலையத்துப் போயா உக்காந்திருக்கோம்?”

“சான்றிதழ் பழைய படிவத்துல இருக்கு. புதுசு வெப்சைட்ல இருக்கு.”

“இருபத்தாறு வருஷ சர்வீஸ் எனக்கு. பதினோரு பேருக்கு டாக்டரேட் வாங்கிக் குடுத்திருக்கேன். எனக்குப் படிவம் சொல்லித் தர்றீங்களா?”

ஜெரூஷாவுக்கு வாயைத் திறந்தால் ‘சரி சார்’ என்று வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அந்த மௌனம் எதிர்ப்பக்கம் வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது.

“ஹலோ? மேடம், லைன்ல இருக்கீங்களா?” குரல் ஒரு படி இறங்கியது. “இல்ல மேடம், நான் கோவமா பேசல. பையன்கிட்ட இன்னைக்கே குடுத்து அனுப்பறேன். கொஞ்சம் சீக்கிரமா பாத்துக் குடுங்க மேடம்.”

அன்றைய டைரியில் எழுதினாள்: ‘4.10. மேடம் என்று மூன்று தடவை.’ எழுதிவிட்டு அந்த வரியை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இனிப்பு சாப்பிட்டதுபோல இருந்தது. ஒரு வாரம் கழித்து மூன்றாவது குறையை அனுப்பினாள்.

கோப்பு முதலில் வந்த நாளிலிருந்து முப்பத்தெட்டாவது நாள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெண் வியர்க்க விறுவிறுக்கக் கவுண்டருக்கு வந்தாள்.

“அக்கா, இங்க ஆ-3 யாரு?”

“நான்தான்.”

“நான் ஸ்நேகா. பத்து மணிக்கே வந்திருப்பேன், பல்லாவரத்துல சந்தைக் கூட்டம், பஸ்ஸே நகரல.” பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். “இந்த நகல்ல வால்யூம் நம்பர் நல்லா தெரியுது பாருங்கக்கா. இனிமே ஒண்ணும் இல்லல்ல? தயவுசெஞ்சு இப்பவே பாத்துச் சொல்லிடுங்க. நான் இங்கயே நிக்கிறேன்.”

அவளுடைய வலது கை விரல்களில் நீல மார்க்கர் மை கறையாகப் படிந்திருந்தது. ஜெரூஷாவின் கண் அதிலேயே நின்றது.

“என்ன அவசரம்?”

“படப்பைக்கிட்ட ஒரு காலேஜ்ல வேலை கிடைச்சிருக்குக்கா. ஜூன் பத்தாம் தேதிக்குள்ள ப்ரொவிஷனல் சர்டிஃபிகேட் குடுக்கணும். இல்லேன்னா வெயிட்டிங் லிஸ்ட்ல அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க. போன வருஷமும் ஒண்ணு இப்படித்தான் போச்சு.”

“உங்க கைடு என்ன சொல்றார்?”

“எல்லாம் என் கவனக்குறைவாம்.” ஸ்நேகா சிரிக்கப் பார்த்தாள். “மூணு தடவை ஃபைல் திரும்பினதுல யூனிவர்சிட்டில அவர் மானம் போச்சாம். அதுக்கு ஃபைன் மாதிரி சனிக்கிழமை அரியர் பசங்க க்ளாஸும் என் தலையில. வாயைத் தொறந்தா கண்டக்ட் ரிப்போர்ட் எழுதிடுவேன்ங்கறார்.”

“அவர் க்ளாஸையா நீ எடுக்கறே?”

“ஈவினிங் காலேஜ் முழுக்க நான்தானேக்கா. ரெண்டு வருஷமா. அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.”

ஜெரூஷா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். கோப்பை எடுக்க அலமாரி வரைக்கும் போக வேண்டியிருந்தது; அதற்குள் முகத்தைச் சரிசெய்துகொள்ள முடிந்தது. முப்பத்தெட்டு நாளாக அவரை அடிப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு அடிகூட அவர் மேல் விழவில்லை. எல்லாவற்றையும் இந்தப் பெண் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள், மார்க்கர் கறை படிந்த கையோடு.

அன்று மதியச் சாப்பாட்டுக்கு அவள் போகவில்லை. மூன்று மணிக்குள் அனுமதிக் கடிதத்தில் துணைப் பதிவாளரின் கையெழுத்தை வாங்கிவிட்டாள். வாய்மொழித் தேர்வு மே 22.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். கஸ்தூரிரங்கனுக்கு எழுதுகிற வியாதி இல்லாமல் இருந்தால்.

திங்கட்கிழமை கேசவன் ஒரு தாளைக் கொண்டுவந்து அவள் மேசையில் போட்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. “இந்தாம்மா. உன் மேல கம்ப்ளைண்ட். பதிவாளருக்கு எழுதிக்கீறாரு ரங்கன் சாரு. அவங்க நம்ம செக்‌ஷனுக்கு அனுப்பிட்டாங்க. நம்ம செக்‌ஷன்ல யாருக்கு? ஆ-3க்கு. உன் மேல வந்த புகாருக்கு நீயே ரிமார்க்ஸ் எழுதணும். ஏழு நாள் டைம். நல்லா கீதுல்ல ஆபீஸு?”

இரண்டு பக்கக் கடிதம். ஆ-3 இருக்கையின் அலட்சியம், மூத்த பேராசிரியருக்கு நேர்ந்த அவமானம் என்றெல்லாம் முதல் பக்கம். இரண்டாவது பக்கத்தின் நடுவில், தன் மாணவி எவ்வளவு உழைப்பாளி என்று காட்டுவதற்காக ஒரு வாக்கியம்:

‘இம்மாணவி கடந்த இரண்டு ஆண்டுகளாக மாலைக் கல்லூரியில் எனக்குரிய வகுப்புகள் அனைத்தையும் என் பணிப்பின்பேரில் ஒரு நாளும் தவறாமல் எடுத்து வருபவர்.’

கீழே பச்சை மையில் வால்.

ஜெரூஷா அந்த வாக்கியத்தை நான்கு தடவை படித்தாள். தட்டச்சுப் பிழையாக இருக்குமோ என்று ஐந்தாவது தடவையும் படித்தாள். இல்லை. பெருமையாகவே எழுதியிருந்தார். இருபத்தாறு வருடம் செய்து செய்து, அது தப்பு என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. சாப்பிட்டேன், தூங்கினேன் என்று எழுதுவதுபோல எழுதிவிட்டார். ஜெரூஷாவின் இரண்டு வருட டைரியால் நிரூபிக்க முடியாததை அவரே நிரூபித்து, கையெழுத்துப் போட்டு, பதிவாளருக்கு அனுப்பியிருந்தார்.

விதி 14 அவளுக்கு மனப்பாடம். தனக்குரிய பாட வேளையை ஆய்வாளர் தலையில் கட்டும் வழிகாட்டியின் அங்கீகாரத்தை ரத்து செய்யலாம். அது இரண்டாவது உட்பிரிவு. எழுத்து மூலமான முன் அனுமதியில்லாமல் வகுப்பெடுக்கும் முழுநேர ஆய்வாளரின் பதிவையும் ரத்து செய்யலாம். அது முதல் உட்பிரிவு. அவளை வெட்டிய கத்தி.

இன்றைக்கே எழுதினால் அவர் மாட்டுவார். ஆனால் முதலில் மாட்டுவது ஸ்நேகா. வாய்மொழித் தேர்வை நிறுத்தி வைப்பார்கள். ஜூன் பத்து போய்விடும்.

விதிப் புத்தகத்தை எடுத்து, ‘ஆய்வாளர்’ என்பதற்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். பதிவு செய்த நாள் முதல் தற்காலிகச் சான்றிதழ் வழங்கப்படும் நாள் வரை. அதற்குப் பிறகு நடத்தை விதிகள் பொருந்தாது. ஆய்வேட்டில் திருட்டு இருந்தால் மட்டுமே பட்டத்தைத் தொட முடியும். அன்று மாலையும் மறுநாள் காலையும் அதே பக்கத்தைப் படித்தாள்.

புகாரை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

ஏழு நாள் போயிற்று. கேசவன் கேட்டார்.

“பழைய ஃபைல் ஒண்ணு பார்க்கணும் சார். தேடச் சொல்லியிருக்கேன்.”

“ரெண்டு வரி ரிமார்க்ஸுக்குப் பழைய ஃபைல் எதுக்கும்மா?”

பழைய கோப்பு ஒன்று உண்மையிலேயே தேவைப்பட்டது. பதிவறை ஊழியர் ஜெயவேலு தூசியில் தும்மிக்கொண்டே தேடினார். “இன்னா நம்பர் சொன்ன? ரத்தான ஃபைலுங்கோ எல்லாம் அந்த மூலைல கீது. அத்த எவனும் தொட மாட்டான். யாருதும்மா இது, சொந்தக்காரங்களா?”

“ஆமாண்ணா.”

நாற்பத்தோராம் பக்கத்தில் அவளுடைய மனு இருந்தது. அதற்கு அடுத்து அந்தச் சின்ன கவரிங் லெட்டர். அவள் அதைப் பிரித்துப் படிக்கவில்லை. எண்ணை மட்டும் குறித்துக்கொண்டாள்.

இருபதாவது நாள் பதிவாளர் அலுவலகத்திலிருந்து நினைவூட்டுக் கடிதம் வந்தது. இருபத்தைந்தாவது நாள் மெமோ வந்தது: விளக்கக் குறிப்பு அளிக்கத் தவறியது ஏன்? கேசவன் இப்போது சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“இன்னும் ப்ரொபேஷன்ல கீற நீ. இதெல்லாம் சர்வீஸ் புக்குல ஏறும், தெரியுமா? அந்த ஆளுக்கும் உனக்கும் இன்னாம்மா தகராறு?”

“ஜூன் மூணாம் தேதி எழுதித் தரேன் சார். மெமோவுக்கும் சேர்த்து.”

“அதென்ன மூணாம் தேதி, நல்ல நாளா?”

“நல்ல நாள்தான் சார்.”

ஸ்நேகா தேர்வில் வென்றாள். தற்காலிகச் சான்றிதழ் ஜூன் இரண்டாம் தேதி கையெழுத்தானது. மறுநாள் காலை அவள் வாங்க வந்தபோது, ஜெரூஷா பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சான்றிதழை உறையில் போட்டுக் கையில் கொடுத்த பிறகு சொன்னாள்:

“உன் ஃபைல்ல இருந்த மூணு குறையும் முதல் நாளே எனக்குத் தெரியும். வேணும்னுதான் ஒண்ணொண்ணா அனுப்பினேன்.”

ஸ்நேகாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே கெட்டியாகிவிட்டது. “ஏன்க்கா? நான் என்ன பண்ணேன் உங்களுக்கு?”

ஜெரூஷா சொன்னாள். கிணறுகள், மாலை வகுப்பு, மனு, டீ, எல்லாவற்றையும். கஸ்தூரிரங்கனின் கடிதத்தில் அந்த வாக்கியத்தைக் காட்டினாள். “இனி இது உன்னைத் தொடாது. இன்னைக்கு நான் எழுதப் போறேன். நீ எதுவும் குடுக்க வேண்டியதில்ல. குடுத்தா பலமா இருக்கும்.”

“முப்பத்தெட்டு நாள்க்கா. டெய்லி அம்மாகிட்ட அழுதிருக்கேன்.” ஸ்நேகா உறையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அவரைவிட நீங்க என்ன பெருசா வித்தியாசம்?”

ஸ்நேகா திரும்பிப் பார்க்காமல் போனாள்.

மறுநாள் காலை மின்னஞ்சலில் ஒரு இணைப்பு வந்திருந்தது. கடிதம் என்று ஒரு வரிகூட இல்லை. வாட்ஸப் செய்திகளின் படங்கள், நூற்று எழுபத்து நான்கு. ஒவ்வொன்றிலும் தேதி, நேரம், கஸ்தூரிரங்கனின் பெயர். ‘இன்னைக்கு 5.30 செகண்ட் இயர் பாத்துக்கோம்மா.’ ‘தேர்ட் இயர் உனக்குத்தான்.’ ‘அட்டெண்டன்ஸ் எடுத்து அனுப்பு, நான் சைன் பண்ணிக்கறேன்.’

முதல் நாள் அரைகுறையாக நின்றிருந்த விளக்கக் குறிப்பை ஜெரூஷா அன்று மதியத்துக்குள் எழுதி முடித்தாள். நான் இவருடைய முன்னாள் ஆய்வாளர்; இந்தக் கோப்பை நான் கையாண்டிருக்கக் கூடாது; குறைகளைத் தனித்தனியாகக் கேட்டது வேண்டுமென்றே செய்தது. இவ்வளவும் முதல் பத்தி. இரண்டாவது பத்தியில் கஸ்தூரிரங்கனின் வாக்கியத்தை அவர் எழுதியபடியே எடுத்துப் போட்டாள். மூன்றாவதில் விதி 14, பழைய கோப்பின் எண், பக்கம் 41. இணைப்பு: படங்கள் 174.

கேசவன் முழுவதும் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முதல் பத்திய எடுத்துடேன். யாரு கேக்கப் போறாங்க?”

“அது இருந்தாத்தான் சார் மத்த ரெண்டையும் நம்புவாங்க.”

அவர் பேனாவைத் திறந்தார். “நீ நல்லவளா கெட்டவளான்னே தெரில” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பத்து நாளில் பதிவாளர் உத்தரவு வந்தது. விசாரணை முடியும் வரை டாக்டர் கஸ்தூரிரங்கனின் வழிகாட்டி அங்கீகாரம் நிறுத்திவைப்பு. புதிதாக ஆய்வாளரைச் சேர்க்கக் கூடாது. ஏற்கெனவே இருப்பவர்களை வேறு வழிகாட்டிகளுக்கு மாற்ற வேண்டும். ஓரத்தில் பென்சிலால், ‘பக்கம் 41 மனுவையும் சேர்த்து விசாரிக்கவும்’ என்று இருந்தது. ஜெரூஷாவுக்குத் தனியாக ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை. பதில் தர பதினைந்து நாள். கஸ்தூரிரங்கன் சம்பந்தப்பட்ட கோப்பு எதுவும் இனி அவள் மேசைக்கு வராது. ஆனால் மேசைத் தொலைபேசியின் எண் மாறவில்லை. உத்தரவு கிடைத்த அன்று அவர் கூப்பிட்டார்.

“மேடம், ஏதோ தப்பா புரிஞ்சுக்கிட்டிருக்காங்க. நான் கம்ப்ளைண்ட் குடுத்தது உங்க ஆபீஸ் மேல. நடவடிக்கை என் மேல வருது!”

“உங்க லெட்டர்ல இரண்டாம் பக்கம், நடுவுல பாருங்க.”

தாள் புரளும் சத்தம். “அது... அது ஒரு பேச்சுக்கு எழுதினது. எல்லா டிபார்ட்மெண்ட்லயும் நடக்கறதுதானே? நீங்க யாரு மேடம், பேரென்ன?”

“ஜெரூஷா.”

“எந்த ஜெரூஷா?”

இந்த உரையாடலை அவள் நான்கு வருடமாக எத்தனையோ விதமாக டைரியில் எழுதிப் பார்த்திருந்தாள். அவர் கத்துவார், கெஞ்சுவார், பழி சொல்வார். இந்தக் கேள்வி அதில் ஒன்றிலும் இல்லை. தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

“விசாரணைல சொல்லுவாங்க சார்.”

“விசாரணையெல்லாம் வேண்டாம்மா. நான் அந்தக் கம்ப்ளைண்டையே வாபஸ் வாங்கிக்கறேன். இன்னைக்கே லெட்டரை நேரா உங்ககிட்ட குடுத்து அனுப்பறேன்.”

“நேரா வாங்க முடியாது சார். உங்க காலேஜ் முதல்வர் மூலமாத்தான் வரணும். படிவத்துல மேலேயே போட்டிருக்கும், வழின்னு. அவர் ஏதாவது கவரிங் லெட்டர் வெச்சு அனுப்புவார்.”

அவருடைய முதல்வர் அவரைப் பற்றி என்ன கவரிங் லெட்டர் வைப்பார் என்பது அந்தக் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். பதவிக்கு இருவரும் பத்து வருடம் போட்டி போட்டவர்கள். கவரிங் லெட்டர் என்றதும் அவருக்கு அவளை நினைவு வந்துவிட்டதா, இல்லையா? அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

“சரிம்மா” என்றார் கடைசியில், மெல்லிய குரலில். வைத்துவிட்டார்.

ஜெரூஷா தன் குறிப்பாணைக்கான பதில் படிவத்தை எடுத்தாள். ‘வழி’ என்ற இடத்தில் கண்காணிப்பாளர் என்று எழுதினாள். குற்றச்சாட்டு உண்மை, ஒப்புக்கொள்கிறேன். ஆய்வாளர் ஸ்நேகாவுக்கு முப்பத்தெட்டு நாள் ஏற்பட்ட துன்பத்துக்கு மனமார வருந்துகிறேன், எந்தத் தண்டனையையும் ஏற்கிறேன். எழுதி முடித்துவிட்டு முதலிலிருந்து படித்தாள். கஸ்தூரிரங்கனிடம் வருத்தம் தெரிவிப்பதுபோல எங்காவது ஒரு சொல் தவறி விழுந்திருக்கிறதா என்று இரண்டாவது தடவையும் வரி வரியாகப் பார்த்தாள்.

இல்லை. கையெழுத்துப் போட்டாள்.